இந்த மாசம் யாருக்கு அவசரம்?

மாதத்தின் முதல் சனிக்கிழமை, இருட்டத் தொடங்கும் நேரத்தில், இன்றும் எனக்குள் ஒரு பரபரப்பு எழும். எங்கோ போக வேண்டும், யாரோ காத்திருக்கிறார்கள் என்று மனசு அடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் பெரும்பாலும் சென்னையில் மருத்துவமனைப் பணி முடிந்து மின்சார ரயிலில் நின்றுகொண்டிருப்பேன். அந்த நெரிசலிலும் கண்ணை மூடினால் தலைச்சோலையின் குளிர் வரும். அரிக்கேன் விளக்கின் மண்ணெண்ணெய் வாடை வரும். ஊர்ச்சாவடித் திண்ணையில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும் பதினாறு பெண்கள் வருவார்கள். கூடவே என் பெரியம்மாவின் குரலும் கேட்கும்.

"எழுதிட்டியா கண்ணு? சரி, இப்பச் சொல்லுங்க புள்ளைங்களா. இந்த மாசம் யாருக்கு அவசரம்?"

ஊரை விட்டு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. காப்பிப் பூ வாசனையை, பலாச்சுளையை, பனியை எல்லாம் நினைத்து ஏங்கியதுண்டு. அந்த ஏக்கங்கள் ஒரு தடவை ஊருக்குப் போய் வந்தால் தணிந்துவிடும். இந்தக் கேள்விக்கான ஏக்கம் மட்டும் ஊருக்குப் போனாலும் தணிவதில்லை.

ஏற்காட்டுக்கு வருகிறவர்களுக்கு ஏரி தெரியும், லேடீஸ் சீட் தெரியும், மே மாதத்துக் கோடை விழா தெரியும். கொஞ்சம் நேரம் கிடைத்தவர்கள் சேர்வராயன் கோயில் குகைவரை போய்க் கும்பிட்டுத் திரும்புவார்கள். தலைச்சோலை ஏற்காடு ஒன்றியத்தின் ஊராட்சிகளில் ஒன்று. அண்ணாமலையார் கோயிலால் சிலருக்குப் பேர் தெரிந்திருக்கும். நாங்கள் மலையாளிப் பழங்குடிகள். கேரளத்துக்காரர்களா என்று இன்றும் கேட்கிறார்கள். மலையை ஆண்டு வாழ்ந்ததால் வந்த பேர் என்று எங்கள் ஆயா சொல்லும். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பி மூன்று பேரில் பெரியவர் சேர்வராயனிலும், நடுவுள்ளவர் பச்சைமலையிலும், சின்னவர் கொல்லிமலையிலும் தங்கிவிட்டார்கள் என்பது ஆயா எங்களைத் தூங்கவைக்கச் சொன்ன கதை.

சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்கிறது வரலாறு. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பெண்களின் வருஷத்தைக் காப்பிதான் இரண்டாகப் பிரித்தது. நவம்பரில் பழம் பறிப்பு தொடங்கினால் பிப்ரவரி வரை எஸ்டேட்டில் கூலி உண்டு. இடுப்பில் கட்டிய பை கனக்கும், சனிக்கிழமை கையில் காசு இருக்கும். அதற்குப் பிறகு கவ்வாத்து, களை என்று விட்டுவிட்டு வேலை. ஆனி ஆடி மழையில் அதுவும் நின்றுபோகும். சாமையும் ராகியும் அறுப்புக்கு வர இன்னும் நாள் இருக்கும். வீட்டைச் சுற்றி நிற்கிற சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி சரம் விடத் தொடங்கும். அந்த நேரம் பார்த்துத்தான் வியாபாரி முன்பணத்தோடு மலையேறி வருவார். பசிக்கிற வீட்டுக்கு முந்நூறு ரூபாய் பெரிய பணம். தை மாசிக்கு மேல் மிளகு பழுக்கும்போது, அந்தக் கொடியில் நம் கை படக் கூடாது. அவர் சொன்னதுதான் விலை.

இந்த மாதிரி ஒரு மழைக்காலத்தில்தான், 1998 ஜூனில், தோளில் ஜோல்னாப் பையும் கையில் குடையுமாக ஒரு களப்பணியாளர் எங்கள் ஊருக்கு நடந்து வந்தார். நான் அப்போது ஏழாம் வகுப்பு. எல்லாரும் அவரை டீச்சரம்மா என்றே கூப்பிட்டோம்.

அவர் எங்கிருந்து வந்தார், அவருக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. கர்நாடகத்தில் மைராடா அமைப்பு 1980களில் சின்னச் சின்னக் கடன் குழுக்களை உருவாக்கிப் பார்த்திருந்தது. ரோம் நகரிலிருந்து இயங்கும் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, 1989 செப்டம்பரில், தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்களைத் தொடங்கியது. 1991-92ல் அது சேலத்துக்கும் வந்தது. நபார்டு வங்கி 1992ல் நாடு முழுவதும் 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்க்கும் முன்னோட்டத்தைத் தொடங்கியது. 1997-98ல் மாநில அரசு தன் சொந்த நிதியில் மகளிர் திட்டம் கொண்டுவந்தது. இத்தனை ஊர் சுற்றி வந்த யோசனை கடைசியில் டீச்சரம்மாவின் ரப்பர் செருப்பில் சேறாக ஒட்டிக்கொண்டு எங்கள் சாவடிக்கு ஏறியது.

முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஐந்து பேர். பொம்பளைகள் ராத்திரியில் கூடிப் பேச என்ன இருக்கிறது என்று ஆண்கள் கேட்டார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு இந்த அம்மா மலை இறங்கிவிட்டால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டார்கள். அதற்கு டீச்சரம்மா சொன்ன பதில் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "நான் ஒரு ரூபாயும் தொடமாட்டேன். உங்க பணம், உங்க பெட்டி, உங்க சாவி." தகரப் பெட்டி ஒரு வீட்டில், சாவி இன்னொரு வீட்டில், நோட்டு மூன்றாவது வீட்டில் என்று ஏற்பாடானது. அந்த ஏற்பாட்டைக் கேட்டுவிட்டு ஊர்க்கவுண்டர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மழையில ஏன் வாசல்ல குந்துறீங்க, சாவடியில குந்துங்க" என்றார். அடுத்த கூட்டத்துக்குப் பதினாறு பேர் ஆனார்கள்.

சந்தா மாதம் இருபது ரூபாய். பெரியம்மாவை ஊக்குநராகத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு பேர் பிரதிநிதிகள். எழுதத்தான் யாருக்கும் தெரியவில்லை. பதினாறு பேரும் கைநாட்டு. டீச்சரம்மா சுற்றிலும் பார்த்தார். தூணுக்குப் பின்னால் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என்மேல் பார்வை நின்றது. "பாப்பா, உன் கையெழுத்தைக் காட்டு."

அப்படித்தான் பன்னிரண்டு வயதில் தீர்மானப் புத்தகம் என் மடிக்கு வந்தது. தேதி, இடம், வருகை, சந்தா வரவு, கடன் வசூல், கடன் கொடுத்தது, தீர்மானம், நன்றி. ஒவ்வொரு கூட்டத்துக்கும் இந்த வரிசைதான். எழுதி முடித்ததும் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். என் அம்மா வயதுப் பெண்கள், நாள் முழுக்கத் தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்தவர்கள், அத்தனை பேரும் மூச்சுக் காட்டாமல் கேட்பார்கள். தன் பேர் வரும் இடத்தில் ஒவ்வொருத்தி முகமும் ஒருமுறை நிமிரும். பேருக்கு நேரே இருபது ரூபாய் என்று படித்ததும் மெல்லத் தலையாட்டுவாள். அதுவரை அவர்கள் பேர் ரேஷன் கார்டில் இருந்தது, எஸ்டேட் செக்ரோலில் இருந்தது. அதை அவர்கள் நடுவில் வைத்து யாரும் படித்துக் காட்டியதில்லை.

ஜூலைக் கூட்டத்தில் இரண்டாவது சந்தாவும் சேர்ந்து பெட்டியில் 640 ரூபாய் ஆனது. உள்கடன் கொடுக்கலாம் என்றார் டீச்சரம்மா. ஐந்நூறு கொடுப்பது, மீதி இருக்கட்டும், வட்டி நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்று முடிவானது. வெளியே ஐந்து வட்டிக்கும் பத்து வட்டிக்கும் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. பெரியம்மா அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்தக் கேள்வியைக் கேட்டது. "யாருக்கு வேணும்னு கேக்கல. இல்லாதவங்கதான் எல்லாரும். இந்த மாசம் யாருக்கு அவசரம்? அதைச் சொல்லுங்க."

இரண்டு கை உயர்ந்தன. ஒருத்திக்குக் கூரை மாற்ற வேண்டும். இன்னொரு சின்னம்மாவுக்கு வியாபாரியிடம் வாங்கிய முந்நூறு ரூபாய் முன்பணத்தைத் திருப்பி, மிளகுக் கொடியை மீட்க வேண்டும். இரண்டையும் பேசினார்கள். கூரை அக்கா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் தானே சொன்னாள், "என் கூரை இன்னும் ரெண்டு மழை தாங்கும். கொடி தாங்காது. அதுக்குக் குடுங்க."

முந்நூறு முடிந்தது. மீதி இருநூறு யாருக்கு என்று பெரியம்மா கேட்டபோது யாரும் பேசவில்லை. விளக்குத் திரி மட்டும் படபடத்தது. அப்போது ஓரத்தில் இருந்த ஒரு பாட்டி, யார் முகத்தையும் பார்க்காமல், "மேல வூட்டுல ரெண்டு நாளா புகை வரல" என்றாள்.

மழைக்காலத்தில் எங்கள் ஊரில் அடுப்பு எரிந்தால் கூரை ஓலைகளுக்கு நடுவே புகை கசியும். தோட்டத்திலிருந்து திரும்பும்போது யார் வீட்டில் புகை வருகிறது என்பது தானாகக் கண்ணில் படும். மேல வீட்டு அக்கா புருஷன் இல்லாதவள், இரண்டு பிள்ளைகள். அவளும் அந்த வட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். கை தூக்கவில்லை. அந்த மாதச் சந்தாவைக்கூடச் சரியாகக் கட்டியிருந்தாள். பாட்டி சொன்னதும் அவள் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. பெரியம்மா பெட்டியைத் திறந்து பத்து ரூபாய் நோட்டாக இருபது எண்ணியது. நான் எழுத உட்கார்ந்தேன். பேர், தொகை, தவணை எல்லாம் எழுதிவிட்டு, கடன் நோக்கம் என்ற கட்டத்துக்கு வந்தேன். என்ன எழுத என்று கேட்டேன். யாரோ "சாப்பாட்டுக்குன்னு எழுது" என்றார்கள். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டது. "வேண்டாம் கண்ணு. நாளைக்கு அதிகாரி வந்து படிப்பாங்க. அவ பேருக்குப் பக்கத்துல அது இருக்கக் கூடாது. அவசரம்னு எழுது."

அவசரம் என்று எழுதினேன். அக்கா அடுத்த மாதம் அசல் இருபதும் வட்டி நாலுமாக இருபத்து நாலு ரூபாய் கொண்டுவந்து வைத்தாள். பத்து மாதமும் தவணை தப்பவில்லை.

வங்காளதேசத்தில் முகமது யூனுஸ் 1970களில் ஏழைப் பெண்களுக்குக் கடன் கொடுத்த கதையை உலகம் அறியும். அங்கே முதலில் வந்தது வெளிப்பணம். எங்கள் பக்கத்துக் குழுக்களில் முதலில் வந்தது எங்கள் இருபது ரூபாய். இதில் எது சிறந்தது என்று நிபுணர்கள் பேசட்டும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பெட்டியில் இருந்தது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் காசு. அவள் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். அதனால் வாங்கினவளுக்கு ஏமாற்ற மனசு வரவில்லை. கொடுத்தவர்களும் தவணைக்காக அவளை விரட்டவில்லை.

வங்கியில் கணக்குத் திறக்க வேண்டும் என்று வந்தபோது கையெழுத்துக் கற்றுக்கொள்ளும் காலம் தொடங்கியது. கைநாட்டு போதும் என்றுதான் சொன்னார்கள். பெரியம்மா கேட்கவில்லை. முறத்தில் சாமையைப் பரப்பி, விரலால் எழுதிப் பார்க்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து, விரலைப் பிடித்துச் சுழி போட்டுக் கொடுப்பேன். தப்பானால் முறத்தை ஒரு உலுக்கு உலுக்கினால் போதும், எழுத்து மறைந்து புதுப் பலகை ஆகிவிடும். காப்பிப் பழம் பறித்துப் பறித்துக் காய்த்துப்போன விரல், தானியத்தில் தன் பேரின் முதல் எழுத்தைக் கீறுவதைப் பார்த்திருக்கிறேன். பத்து நாளில் பெரியம்மாவுக்குப் பேர் வந்துவிட்டது. ஏற்காட்டு வங்கியில் மேசைக்குப் பின்னால் இருந்தவர், "வூட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டாராம். பெரியம்மா பதில் பேசாமல் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டது. திரும்பி வரும்போது பாஸ் புத்தகத்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, ஊர் வரும்வரை அதன்மேல் கையை வைத்தபடியே நடந்தது.

குழு பெருகியதற்கு யாரும் பிரச்சாரம் செய்யவில்லை. பழம் பறிக்கும் வரிசையில் பேச்சு பரவியது. பக்கத்துப் பட்டியிலிருந்து நாலு பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். திண்ணைக்குக் கீழே நின்று கேட்டுவிட்டுப் போனவர்கள், அடுத்த மாதம் தாங்களே ஒரு பெட்டி வாங்கினார்கள். எங்கள் குழுவிலேயே சேர்கிறோம் என்று பலர் கேட்டார்கள். இருபது பேருக்கு மேல் போனால் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும் என்பதால், பன்னிரண்டிலிருந்து இருபது பேர் என்று கணக்கு வைத்திருந்தார்கள். அதனால் வீட்டுக் கரும்பைக் கணு கணுவாக வெட்டி நடுவது போல, இரண்டாவது குழு, மூன்றாவது குழு என்று தனித்தனியாக முளைத்தன. ஒவ்வொன்றின் முதல் கூட்டத்துக்கும் பெரியம்மா போகும். நோட்டுப் போட்டுக் கொடுக்க நானும் போவேன். இருட்டில் டார்ச் வெளிச்சத்தில், அட்டைக்குப் பயந்து காலைத் தட்டித் தட்டி நடந்த அந்தப் பாதைகளை இன்று நினைத்தாலும் கால் தானாகச் சிலிர்க்கிறது.

பிறகு பணத்தைத் தாண்டியும் பேச்சு வளர்ந்தது. பங்குனி சித்திரையில் ஊற்று வற்றும். குடத்தோடு இறங்கி ஏறவே காலை முடிந்துபோகும். குடிநீர்த் தொட்டி வேண்டும் என்று தீர்மானம் போட்டு, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் சேலத்துக் கலெக்டரிடம் கொடுக்கப் பதினோரு பேர் கிளம்பினோம். பஸ் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்குவதற்குள் பாதிப் பேருக்கு வாந்தி. அஸ்தம்பட்டியில் இறங்கி முகம் கழுவிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, வரிசையில் நின்றார்கள். மனு என் கையெழுத்தில் இருந்தது. அதன் அடியில் பதினாறு கையெழுத்து, ஒரு கைநாட்டும் இல்லை. ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று 1996லேயே தேர்தல் நடந்திருந்தது. 2001ல் அடுத்த தேர்தல் வந்தபோது, வார்டுக்கு நிற்க ஆள் தேடி யாரும் அலைய வேண்டியிருக்கவில்லை. கூட்டத்தில் எழுந்து நின்று பேசப் பழகியவர்கள் ஊரில் இருந்தார்கள்.

ஆறு வருஷம் அந்த நோட்டை எழுதினேன். 2004ல் நர்சிங் படிக்கக் கிளம்பியபோது, கல்லூரிக் கட்டணத்தின் முதல் தவணை எங்கள் குழுவிலிருந்துதான் போனது. அந்தத் தீர்மானத்தையும் நானே எழுதினேன். என் பேரை அந்த நோட்டில் எழுதியது அதுதான் முதலும் கடைசியும். வளைவுகளில் பஸ் இறங்க இறங்க, காது அடைத்ததா அழுகை அடைத்ததா என்று தெரியவில்லை.

இன்று நாட்டில் கோடிக்கு மேல் மகளிர் குழுக்கள் இருக்கின்றன. எங்கள் ஊர்ப் பக்கத்துக் குழுக்களுக்கும் வங்கிக் கடன் லட்சங்களில் வருகிறது. ஊராட்சிக்குக் கூட்டமைப்பு உண்டு. கணக்கு நோட்டிலிருந்து கைப்பேசிக்கு ஏறிவிட்டது. 2023 செப்டம்பரிலிருந்து உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் மாதாமாதம் நேராகப் பெண்களின் கணக்குக்கு வருகிறது. இதெல்லாம் நல்லது. பெட்டியில் 640 ரூபாய் இருந்த காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். அந்தப் பசியை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் போன வருஷம் மே மாதத் திருவிழாவுக்குப் போனபோது ஒரு குழுக் கூட்டத்தில் உட்கார்ந்தேன். கட்டிடம் இருக்கிறது, மின்விளக்கு இருக்கிறது, பிளாஸ்டிக் நாற்காலிகள் இருக்கின்றன. கால் மணி நேரத்தில் கூட்டம் முடிந்தது. வந்த கடனைச் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள், கையெழுத்துப் போட்டார்கள், எழுந்தார்கள். சமமாகப் பிரிப்பதில் சண்டை இல்லை, பேச்சும் இல்லை. ஒருத்தியின் வீட்டில் என்ன நடக்கிறது என்று இன்னொருத்தி சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. வெளியே வந்தால் தனியார் நிதி நிறுவனங்களின் வாரக் கடன் பற்றிப் பேச்சு. அங்கேயும் பெண்கள் வட்டமாகத்தான் உட்காருகிறார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டும்வரை எழ முடியாத வட்டம் அது. வற்புறுத்தி வசூலிப்பதைத் தடுக்க 2025ல் சட்டமன்றம் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. கந்துவட்டியிலிருந்து மீளப் போட்ட வட்டத்தின் உருவத்தையே கடன்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பது என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

அன்று ராத்திரி பெரியம்மாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். இப்போது பெரியம்மாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. எழுந்துபோய்ப் பரணுக்குக் கீழேயிருந்து அந்தத் தகரப் பெட்டியை எடுத்துவரச் சொன்னது. பழைய நோட்டு உள்ளே இருந்தது. என் உருண்டைக் கையெழுத்து பக்கம் பக்கமாகப் போய், 2004 ஜூனில் நின்றது. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

நான் போன பிறகு யார் எழுதினார்கள் என்று நான் கேட்டதே இல்லை. அந்தப் பக்கத்தில் கோடு விட்டு ஏறி இறங்கும் பெரிய பெரிய எழுத்துகள். வருகைக்கு வல்லின று. சந்தாவுக்குக் கால் இல்லை. நன்றிக்கு மூன்று சுழி. முறத்துச் சாமையில் நான் விரலைப் பிடித்துப் போட்டுக் கொடுத்த அதே சுழிகள். தொகைகள் மட்டும் பிசகாமல் இருந்தன.

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று ஒவ்வொரு மாதமாகப் பார்த்தேன். யார் யாரோ கடன் வாங்கியிருந்தார்கள். கல்யாணத்துக்கு, காயலாவுக்கு, விதைக்கு, பள்ளிக்கூடத்துக்கு என்று இருந்திருக்கும். கடன் நோக்கம் என்ற கட்டத்தில் மேலிருந்து கீழே வரை பெரியம்மா ஒரே சொல்லைத்தான் எழுதியிருந்தது.

அவசரம். அவசரம். அவசரம்.

"அது ஒண்ணுதான் எனக்குத் தப்பில்லாம எழுத வந்துச்சு கண்ணு" என்றது பெரியம்மா. நோட்டை மூடி அதன் கையில் கொடுத்தேன். வெளியே வந்து நின்றபோது ஊரில் எல்லாக் கூரையும் தளம் போட்டிருந்தது. எந்த வீட்டில் புகை வருகிறது, எந்த வீட்டில் வரவில்லை என்று பார்க்க முடியவில்லை. என்றாலும் கொஞ்ச நேரம் நின்று, ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.